எச்சில் படாத காசு

மெய்டன் கிரீக் ஊரின் பழைய நாணயம் சேர்ப்போர் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டமல்ல; எழுதி வைத்தவற்றை எல்லாம் அவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். ஒரு பழைய வெள்ளிக் காசு உறையை விட்டு வெளியே வந்து வெல்வெட் துணிமேல் படுத்துவிட்டால், அது திரும்ப உறைக்குள் போகும்வரை சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்குமாம். கண்ணுக்கே தெரியாத எச்சில். அது வெள்ளியில் விழுந்தால் ஓரிரு வருடத்தில் கறுப்புப் புள்ளியாக முளைக்கும். துடைத்தால் கீறல், துடைக்காவிட்டால் புள்ளி. அதனால் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, தீயணைப்பு நிலையத்தின் மாடிக் கூடத்தில், பதினான்கு பெரிய மனிதர்கள் இரண்டு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைத்தான் கூட்டம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஒருமுறை கூட்டத்தின் நடுவில் கீழே அபாயச் சங்கு ஊதியது. சங்கத்தில் மூன்று பேர் தீயணைப்புத் தொண்டர்களும்கூட. ஆனால் துணிமேல் 1795-ஆம் வருட டாலர் ஒன்று கிடந்தது. காசை விளிம்பில் பிடித்துத் தூக்கி, உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஒருவர் "தீ" என்றார். பக்கத்துத் தெரு கெர்ஹார்ட்டின் கோழிக் கொட்டகை அதற்குள் தரையோடு தரையாகிவிட்டிருந்தது. டாலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள், கெர்ஹார்ட்டைத் தவிர.

இந்தப் பதினான்கு பேரில் ஒருவர் ஹார்லன் ஷ்மோயர். வயது ஐம்பத்தெட்டு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஆள் வாட்டசாட்டம். அந்தப் பெரிய கைகளை வைத்துக்கொண்டு அவர் சேர்த்தது மகா சின்னக் காசு: அரை டைம். ஐந்து சென்ட் மதிப்புள்ள வெள்ளி, சட்டைப் பொத்தான் அளவு. 1794 முதல் 1805 வரை, விட்டு விட்டு, ஒன்பது வருடங்களில் அடித்தவை ஒரு தொகுதி. காசு பதித்து வைக்கிற அவருடைய அட்டைப் புத்தகத்தில் ஒன்பது குழிகள். எட்டு நிரம்பியிருந்தன. ஒன்பதாவது, 1802, இருபத்தெட்டு வருடமாகக் காலி. அந்த வருடக் காசு நாடு முழுக்கத் தேடினாலும் சில டஜன் தேறினால் அதிகம். அவற்றில் ஒன்று அவர் வீட்டிலிருந்து ஐந்து மைல் தூரத்தில், சங்கத்தின் மூத்த உறுப்பினர் க்ளேட்டன் டீட்ரிக்கிடம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பர் கூட்டத்தில், க்ளேட்டன் அதை வெளியே எடுப்பார். ஆளுக்கு நான்கு நிமிடம். ஹார்லன் தன் நான்கு நிமிடத்துக்காக மீதி வருடத்தை ஓட்டினார் என்றே சொல்லலாம்.

பிப்ரவரியில் க்ளேட்டன் செத்துப்போனார். ஹார்லன் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து ஊரே உருகியது. அதில் பாதி அழுகை க்ளேட்டனுக்காகத்தான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும் சாவு வீட்டுக்கென்றே உலர்திராட்சை வைத்துச் சுடுகிற 'பை' என்ற இனிப்பும் பரிமாறினார்கள். சங்கத்தார் பதின்மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். க்ளேட்டனின் மனைவி வெர்னா, கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே அந்த மேஜைக்கு வந்தாள்.

"என்ன, அந்த அஞ்சு காசப் பத்தித்தான யோசிக்கிறீங்க?" என்றாள்.

"சே சே, மிஸஸ் டீட்ரிக், இந்த நேரத்துல போய்..." என்றார் சங்கத் தலைவர் எல்வுட் காஃப்மன். யோசித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு முள்கரண்டி எதிலும் குத்தவில்லை.

"நடிக்காத எல்வுட். உயில்ல எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்காரு. சங்கத்து ஆள் ஒருத்தருக்கு, அவரு வாங்கின அதே விலைக்கு. யாருக்குங்கறது என் இஷ்டம்."

பதின்மூன்று முள்கரண்டிகளும் தட்டில் இறங்கின.

"நாப்பத்து மூணு வருஷம் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு வச்சேன். தினம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில வலது கைப் பக்கம் ஏதாவது ஒரு காசு திறந்து கிடக்கும். நான் வாயைத் திறந்தா ஒரு விரலைத் தூக்குவாரு, பேசாதேன்னு. அந்த விரலைப் பார்த்த அளவுக்கு அந்த மனுஷன் மூஞ்சிய நான் பார்த்ததில்ல." வெர்னா மூச்சு வாங்கினாள். "இப்பக் கேட்டுக்குங்க. சனிக்கிழமைக்கு ஒருத்தரா வீட்டுக்குச் சாப்பிட வாங்க. காசு மேஜைமேல கிடக்கும், உறையில்லாம, உங்க தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவுல. என் மூஞ்சியப் பார்த்து, வாயைத் திறந்து, சூப்புலருந்து பை வரைக்கும் பேசணும். காசப் பத்திப் பேசக் கூடாது. யார் பேசறாங்களோ அவங்களுக்கு."

"திறந்த காசுக்கு மேலயா?" என்றார் எல்வுட்.

"மேலதான். ஏன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கெல்லாம்?"

முத்து உதிர்ந்தால் அவர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எச்சில் உதிருமே என்றுதான் கலங்கினார்கள். பத்துப் பேர் அங்கேயே, பை முடிவதற்குள், தங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சம் மூன்று பேர்: தலைவர் எல்வுட், ஓய்வு பெற்ற பல் டாக்டர் ட்ரெக்ஸ்லர், நம் ஹார்லன்.

ஏப்ரல் பிறந்ததும், முதல் சனிக்கிழமை எல்வுட் போனார். பேசினார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தலையை முழுசாகத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார். சூப்பு தீரும்வரை பொறுத்த வெர்னா, "நான் அங்கயா இருக்கேன், ஏப்ரல் மாசத்துலயா?" என்று கேட்டு, அவருடைய கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

டாக்டர் ட்ரெக்ஸ்லர் படித்தவர். கன்னத்துக்கு இரண்டாக, நாக்கின் அடியில் இரண்டாக, பல் பிடுங்கும்போது வைக்கிற பஞ்சுச் சுருள்களை ஆறு வைத்து அடைத்துக்கொண்டு போனார். எச்சில் சுத்தமாக நின்றுவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. "வெழ்ழா, சூழ்ழு நழ்ழாழுக்கு" என்றார். பிறகு சூப்பு பஞ்சில் ஊறிப் பஞ்சு தொண்டைக்குப் போய், வெர்னா முதுகில் நாலு அறை அறைய வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் மனுஷன் காசின்மேல் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுத்தான் இருமினார். சங்கத்தில் அதை இன்றைக்கும் புகழ்ந்து பேசுகிறார்கள்.

ஹார்லனின் முறைக்கு மூன்று வாரம் இருந்தது, வெர்னா இடையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால். அவர் தன் மனைவி அர்லீனிடம் வந்து நின்றார்.

அர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நல்ல சிரிப்புக்காரி, ஆனால் சிரிப்பதற்கு வீட்டில் சந்தர்ப்பம் குறைவு. ஷ்மோயர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை காசுகள் திறந்து கிடக்கும். அதனால் பல வருடமாக அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், நின்றபடியே, ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு சாப்பிடுவாள். ஃபில்லீஸ் அணி தோற்கிற சத்தமே அவளுக்குத் தொட்டுக்க. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அப்படிப் பழகிவிட்டது.

"பழகணும்," என்றார் ஹார்லன்.

"எதுக்கு?"

"பேச."

மேஜைமேல் ஒரு கால் டாலரை வைத்தாள். பெட்ரோல் பங்க்கில் சில்லறையாக வந்த சாதாரணக் காசு. ஹார்லன் எதிரில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"ஹார்லன், அது கால் டாலர். ஊர்ல பாதிப் பேரு அதால பல்லு குத்தியிருப்பாங்க."

தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் போராடி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "உக்காரு." அது பஸ்ஸில் பிள்ளைகளிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை, வேறெதுவும் கைவசம் இல்லை.

"உக்காந்துதான இருக்கேன்?" என்று அர்லீன் சிரித்தாள். சிரித்ததில் அவள் வாயிலிருந்து ரொட்டித் துணுக்கு காசின்மேல் விழுந்தது. ஹார்லன் பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் போனார். அவள் இன்னும் சிரித்தாள்.

இரண்டாவது நாளே உண்மையான சங்கடம் தெரிந்தது. எச்சில் இரண்டாம் பட்சம். காசு இல்லாமல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வானிலை ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்தது. கூரைத் தகரம் முக்கால் நிமிடம்.

"பஸ்ல என்ன நடக்குதுன்னு சொல்லேன்," என்றாள் அர்லீன்.

"என்ன நடக்கும்? ஏறும், இறங்கும்."

"முப்பது வருஷமா வெறும் ஏறும் இறங்குமா?"

யோசித்தார். பிறகு, ஒரு பெண் குழந்தை சாப்பாட்டு டப்பாவில் உயிருள்ள ஆமையைக் கொண்டுவந்த கதையைச் சொன்னார். அந்த ஆமை தப்பி, பிரேக் மிதிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டதால், இறக்கத்தில் பஸ்ஸை நிறுத்த முடியாமல் மூன்று நிறுத்தங்களைத் தாண்டிப் போனதைச் சொன்னார். அர்லீன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவர் அதுவரை யாரிடமும் சொல்லாத கதை அது. சொல்லத் தக்கது என்றே அவருக்குத் தோன்றியதில்லை. அடுத்த நாள் பனிக்காலத்தில் ஆலைக்கருகில் உள்ள வளைவு தனக்குப் பயம் என்று சொன்னார். "ஒவ்வொரு தடவையும் பயமா?" என்றாள். "ஒவ்வொரு தடவையும்," என்றார். அவளும் சொன்னாள். சமையலறையில் ஒருநாள் இருநூறு பிள்ளைகளுக்கான புட்டிங்கில் உப்பைக் கொட்டிவிட்டு, இது ஜெர்மன் வகை என்று சாதித்ததைச் சொன்னாள். மூன்றாவது வாரம் ரேடியோவைப் போட மறந்தே போனாள். ஃபில்லீஸ் அந்த வாரம் நாலு ஆட்டம் ஜெயித்தது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அர்லீன் அந்தக் கால் டாலரை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு உனக்குக் கிடைச்சிரும்," என்றாள்.

"கிடைக்கும்னுதான் நினைக்கிறேன்."

"கிடைச்சதுக்கப்புறம்?"

"கிடைச்சதுக்கப்புறம் என்ன? தொகுதி முடிஞ்சது."

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வெர்னா வீட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அது கிடந்தது. வெல்வெட்கூட இல்லை, வெறும் மேஜைத் துணி. ஹார்லன் இருபத்தெட்டு டிசம்பர்களாகப் பார்த்த காசுதான். நிறைய தேய்ந்தது, அதில் பொறித்த சுதந்திரத் தேவியின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடம் வழித்துவிட்டாற்போல இருந்தது. அழகு என்றால் அவருக்கு அதுதான்.

வெர்னா கோழிச் சூப்பை ஊற்றினாள். "பேசு."

ஹார்லன் காசைப் பார்த்தார்.

"அதப் பாக்காத, என்னப் பாரு. நூத்தி எண்பது வருஷமா அது எத்தனை கசாப்புக்காரன் கையில இருந்திருக்கும்? எத்தனை குடிகாரன் பல்லுல கடிச்சுப் பார்த்திருப்பான்? அதுல எல்லாம் சாகாத காசு, நீ சொல்ற ஒரு குட் ஈவ்னிங்ல செத்துடுமா?"

"அதில்ல, மிஸஸ் டீட்ரிக்..."

"சொல்லு."

"ஒரு பொண்ணு," என்றார் ஹார்லன். "பஸ்ல. டப்பால ஆமை கொண்டுவந்துச்சு."

பேசினார். முதலில் ஒவ்வொரு சொல்லையும் பல்லால் பிடித்துப் பிடித்து விட்டார். பஸ் இறக்கத்துக்கு வந்தபோது கதை அவரை இழுத்துக்கொண்டது. கை இரண்டும் எழுந்து ஸ்டீரிங்கைப் பிடித்தன. "பிரேக்க மிதிக்கிறேன், பிடிக்கல!" என்றார், பலமாக. அப்போது ஒரு துளி, சின்னதுதான், விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று கிளம்பி, உப்பு ஜாடியைத் தாண்டி, நேரே 1802-இன் மேல் போய் உட்கார்ந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கைக்குட்டை ஹார்லனின் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போதே ஒற்றி எடுத்தால் தப்பிக்கலாம்.

"பார்த்தியா?" என்றாள் வெர்னா.

"பார்த்தேன்."

"அப்புறம் ஆமை என்ன ஆச்சு?"

கைக்குட்டைப் பக்கம் போன கையை அவர் திருப்பி மேஜைமேல் வைத்தார். "ஆமைக்கு ஒண்ணும் ஆகல," என்றார். "எனக்குத்தான்." வெர்னா சிரித்துவிட்டாள். அதன்பிறகு துளிகள் எத்தனை விழுந்தன என்று அவர் எண்ணவில்லை. பை வந்தது, காப்பி வந்தது, அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் வெர்னா அவர் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, காசை ஒரு பழைய உறையில் போட்டு நகர்த்தினாள்.

"எடுத்துக்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "க்ளேட்டன் வாய்க்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சு. இதே மாதிரி ஆமை ஏதாவது இருந்திருக்கும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஹார்லன் நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அர்லீன் இருமுறை கதவருகே வந்து நின்றுவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து திரும்பியதும் அவர் அட்டைப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். ஒன்பதாவது குழியில் வைப்பதற்கு முன் இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று காசைத் துணிமேல் வைத்தார்.

அர்லீன் பன்றி இறைச்சியும் புளிக்க வைத்த முட்டைக்கோஸும் கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லு," என்றாள் ஆவலாக. "வெர்னா ஆமைக் கதைக்குச் சிரிச்சாளா?"

ஹார்லனின் விரல் உயர்ந்தது.

அவர் உயர்த்தவில்லை. சத்தியமாக அவர் உயர்த்தவில்லை. அது தானாகவே எழுந்து நின்றது. அர்லீன் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ரேடியோ போடுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது இன்னிங்ஸ், ஃபில்லீஸ் தோற்றுக்கொண்டிருந்தது.

ஹார்லன் தன் விரலைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஆலை வளைவில் வருகிற அதே பயம். வெர்னா சிரித்ததை அர்லீனிடம் சொல்ல வேண்டும் என்று நேற்று காரில் வரும்போதே துடித்துக்கொண்டு வந்தவர்தானே? இதை உள்ளே வைத்துவிட்டுப் போய்ப் பேசலாம் என்று உறையைக் கையில் எடுத்தார். உறை பாதி வழியில் நின்றது. க்ளேட்டனும் நாற்பத்து மூன்று வருடம், இதை உள்ளே வைத்துவிட்டுப் பேசலாம் என்றுதான் நினைத்திருப்பார்.

உறையைக் கீழே போட்டார். தட்டிலிருந்து ஒரு வாய் முட்டைக்கோஸை எடுத்து மென்றார். காசுக்கு நேர்மேலாகக் குனிந்து, பலம்கொண்ட மட்டும் வாயைத் திறந்து, "அர்லீன்! இது புளிக்கவே இல்ல!" என்று கத்தினார்.

ரேடியோ நின்றது. அர்லீன் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சொன்ன?"

"புளிக்கல. போன ஞாயித்துக்கிழமையும் புளிக்கல. சப்புன்னு இருக்கு." முட்டைக்கோஸ் நார் ஒன்று சுதந்திரத் தேவியின் கழுத்தில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"முப்பத்தொரு வருஷமா அதே ஜாடியில அதே மாதிரித்தான் போடறேன். இன்னைக்குத்தான் துரைக்கு நாக்கு முளைச்சுதா?" அவள் கோபமாக வந்து, கோபமாக நாற்காலியை இழுத்து, மேஜைமேல் குனிந்தாள். 'முளைச்சுதா'வில் ஒரு துளி கிளம்பிப்போய், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"வேற என்னென்ன நல்லா இல்ல? ஒண்ணு விடாம சொல்லு," என்றாள், உட்கார்ந்தபடியே.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பட்டியல் நீளமாக இருந்தது.